பிரசங்கபீடமும் மழைமானியும்: போதகர் பயிற்சியில் அறிவியல் பெற்ற இடமும் இழந்த இடமும்

தமிழ்நாட்டுப் புரட்டஸ்தாந்து இறையியல் பள்ளிகளின் வரலாற்றை எழுதியோர் வேதாகம மொழிபெயர்ப்பு, கீர்த்தனை மரபு, திருச்சபை ஐக்கியம் ஆகிய மூன்று பொருள்களைச் சுற்றியே பெரிதும் எழுதியிருக்கின்றனர். அதே பள்ளிகள் தம் மாணவருக்கு வானியலும் தாவரவியலும் இரசாயனமும் உடற்கூற்றியலும் கற்பித்தன என்பதும், அக்கல்வி ஊழியத்துக்குப் புறம்பான அலங்காரமாக அன்றி ஊழியத்தின் ஒரு கூறாகவே எண்ணப்பட்டது என்பதும் போதிய கவனம் பெறவில்லை. பாப்டிஸ்ட் ஊழியர்களின் பயிற்சியில் அறிவியலுக்கு உரிய இடம் யாது என்று ஒரு கட்டுரை வேண்டுமென இம்மலரை வெளியிடும் போதகர் ஐக்கியத்தின் மூப்பர்கள் பணித்திருப்பதால், அப்பொருளை இந்த வட்டாரத்தின் பயிற்சி மரபுகளோடு சேர்த்தே நோக்குவது பொருத்தமாகும். ஏனெனில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் ஒரே கண்மாய்த் தண்ணீரை நம்பி வாழ்வோர். அவர்களின் போதகர்கள் எந்தப் பள்ளியில் பயின்றிருந்தாலும் ஒரே வகைக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள்.

மரபுகளுள் காலத்தால் முந்தியது தரங்கம்பாடி. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியதும் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் உறுப்பினர் அறிந்தவையே. அதற்குப் பின்வந்த தலைமுறையினர் செய்த இயற்கை ஆய்வுதான் இங்கே குறிப்பிடத்தக்கது. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தபின், செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி, பெயரிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பும் பழக்கம் மிஷனெரிகளிடையே வேரூன்றியது. 1776இல் வந்து 1836இல் சென்னை வேப்பேரியில் காலமான ரோட்லர், தமிழ் அகராதி தொகுத்தவர் என்றே நம்மவரால் நினைக்கப்படுகிறார். தாவரவியலார் உலகில் அவர் தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்தவர் என்பதற்காகவே அறியப்படுகிறார். அவரோடு ஊழியம் செய்த ஜான் ஐயர் (கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்) கடலோர மீன்களைச் சேகரித்து அனுப்பியதால், நம் மீன்கடைகளில் கத்தாளை எனப்படும் மீனின் பேரினத்துக்கு அவர் பெயரையே பிளாக் என்ற மீனியல் அறிஞர் சூட்டினார். ஞாயிறு பிரசங்கமும் திங்கட்கிழமை மீன் ஆராய்ச்சியும் அவர்களுக்கு இரண்டு வேலைகளாகத் தோன்றவில்லை.

அந்த மரபின் தமிழ் வாரிசு வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து தரங்கம்பாடியில் பயின்று தஞ்சையில் பள்ளி நடத்திய அவர், சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றுவதாகக் கூறும் வானியலைப் பெத்லேகம் குறவஞ்சியில் இடம்பெறச் செய்தார். குறத்தி குறிசொல்லும் சிற்றிலக்கிய வடிவில் புதிய வானியலைப் புகுத்துவது எளிய காரியமன்று. அதைச் செய்தவர் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் மரபின் தலைமகன் என்பதைக் கீர்த்தனைகளை மட்டும் மனப்பாடம் செய்யும் நம் தலைமுறை மறந்துவிட்டது.

பாப்டிஸ்ட் மரபு என்றால் அதன் தாய்வீடு செராம்பூர். வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் 1818இல் அங்கே கல்லூரி தொடங்கியபோது வெளியிட்ட அறிவிப்பிலேயே, கீழைத்தேய இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் கிறிஸ்தவர், பிறர் என்ற வேறுபாடின்றி ஆசிய இளைஞருக்குக் கற்பிப்பது நோக்கமெனக் கூறினர். இன்று அறிவியலைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாமா என்று தயங்கும் பாப்டிஸ்ட் பள்ளி எதுவாயினும், தன் மரபு அறிவியலோடுதான் தொடங்கிற்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்த கேரி செராம்பூரில் தாவரத் தோட்டம் வளர்த்தார். 1820இல் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ராக்ஸ்பரோவின் தாவரப் பட்டியலை 1814இலும் அவருடைய பெருநூலான இந்தியத் தாவரவியலைப் பின்னரும் பதிப்பித்தார். 1821இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் மாக் அங்கே இரசாயனம் கற்பித்து, 1834இல் வங்கமொழியில் இரசாயன நூலொன்றை வெளியிட்டார்.

செராம்பூரும் தரங்கம்பாடியும் ஒரே டென்மார்க் அரசின் குடியேற்றங்களாக இருந்து ஒரே ஆண்டில், 1845இல், ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. 1827இல் டென்மார்க் அரசர் அளித்த சாசனம், பட்டம் வழங்கும் உரிமையைச் செராம்பூருக்குத் தந்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைச் செனட் என்னும் பல்சபை ஆட்சிமன்றத்தின்வழி நடைபெறச் செய்தது. ஆகவே பெங்களூரிலோ சென்னையிலோ மதுரை அரசரடியிலோ பி.டி. எனப்படும் இறையியல் இளநிலைப் பட்டம் பெறும் எவரும், அவர் ஆங்கிலிக்கன் வழிவந்தவரானாலும் லுத்தரனானாலும், ஒரு பாப்டிஸ்ட் நிறுவனத்தின் சாசனத்தின்கீழ் பட்டம் பெறுகிறார். பாப்டிஸ்ட் பயிற்சியைப் பற்றிப் பேசுவது பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

மதுரைச் சீமைக்கு வந்த மரபு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அமெரிக்கன் மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் டானியேல் பூர் தலைமையில் கணிதமும் வானியலும் இயற்பியலும் உயர்நிலையில் கற்பிக்கப்பட்டன. கிரகண காலத்தைக் கணிப்பதில் உள்ளூர்ப் பஞ்சாங்கத்துக்கும் செமினரியின் கணக்குக்கும் இடையே எழுந்த போட்டி அந்நாளில் ஊர்முழுதும் பேசப்பட்டது. அப்போட்டியை இந்து சமயத்தின்மேல் கிறிஸ்தவம் கொண்ட வெற்றியாகச் சித்திரிக்கும் பழைய மிஷன் எழுத்துகளோடு இக்கட்டுரை உடன்படவில்லை. பஞ்சாங்கம் கணித்தவரும் ஒரு கணித மரபின் வாரிசே. மிக நுட்பமான மரபு அது. கணக்கை முன்கூட்டியே எழுதிவைத்து, வானம் தீர்ப்புச் சொல்லும்வரை இரு தரப்பாரும் காத்திருந்தார்களே, அந்த ஒழுக்கம்தான் அந்நிகழ்ச்சியில் மதிக்கத்தக்கது.

பூருக்குப் பின் செமினரிப் பொறுப்பேற்ற ஹொய்சிங்டன், தமிழில் சோதிசாஸ்திர நூல் வெளியிட்டவர். 1834இல் மதுரையில் மிஷனைத் தொடங்கிய இருவருள் அவரும் ஒருவர் (மற்றவர் டாட்). சில ஆண்டுகளில் பூரும் மதுரைக்கு வந்து பள்ளிகளை நிறுவினார். மதுரை மிஷனின் அடித்தளத்தைத் தோண்டியவர்களுள் இருவர் வானியல் ஆசிரியர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் மதுரையிலிருந்து மண்டபசாலைவரை நீண்ட அந்த மிஷனின் பிற்காலப் பயிற்சியில் காணப்பட்ட ஒரு குணத்தை, அதாவது எதையும் அளந்து பார்த்தபின்பே சொல்லும் குணத்தை, அவர்கள் விட்டுச் சென்ற சொத்தாகக் கருத இடமுண்டு.

இங்கே ஒரு கசப்பான திருப்பத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அமெரிக்கன் மிஷனின் தலைமைச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1854-55இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பார்வையிட்டார். ஆங்கிலமும் அறிவியலும் கற்ற மாணவர் சபைக்கு உதவாமல் அரசு உத்தியோகத்துக்கே போய்விடுகின்றனர் என்ற முறையீட்டின் பேரில் 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. மதுரை மிஷனின் பசுமலைப் பள்ளியிலும் ஆங்கிலம் ஒதுக்கப்பட்டு, சபைப்பணியாளரைத் தமிழில் பயிற்றுவிக்கும் இடமாக அது சுருங்கியது. ஆண்டர்சனின் கவலை பொய்யன்று. பிள்ளை படித்து முடித்ததும் கச்சேரி உத்தியோகம் தேடுவது இன்றும் நடப்பதுதான். ஆனால் கற்றவன் ஓடிவிடுகிறான் என்பதற்காகக் கல்வியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். அதற்குச் செயலால் பதில் சொன்னவர் யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிரீன். 1847இல் வந்த அவர், மருத்துவ வகுப்புகளைப் பின்னர் தமிழிலேயே நடத்தி, அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என உடற்கூறு முதல் இரசாயனம் வரையிலான பாடநூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழில் ஆக்கினார். தமிழில் அறிவியல் படித்த மாணவன் ஊரை விட்டு ஓடவில்லை. ஊரிலேயே வைத்தியம் பார்த்தான். இறையியல் பள்ளிகள் அவ்வழியைப் பின்பற்றியிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பசுமலையைப் பற்றி விரிவாக எழுதுவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையாளரின் ஞானப் பரம்பரை அதுவே. 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறிய அப்பள்ளியை டிரேசி ஐயரும், 1870 முதல் வாஷ்பர்ன் ஐயரும் நடத்தினர். வாஷ்பர்ன் காலத்தில் அச்சகமும் சத்தியவர்த்தமானி இதழும் கல்லூரி வகுப்புகளும் ஒரே குன்றின் அடியில் கூடின. போதகராகப் போகிறவனும் ஆசிரியனாகப் போகிறவனும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கிய அக்காலமே பசுமலையின் பொற்காலம் எனலாம். திருச்சுழி அருகே மண்டபசாலையில் ஹோரஸ் டெய்லர் ஐயர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய நிலையமும், பின்னர் அருப்புக்கோட்டையில் அமைந்த நிலையமும் பசுமலையில் பயின்ற உபதேசிமாரையே நம்பி நடந்தன. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் இவ்வானம்பார்த்த பூமி பட்ட பாட்டை அனுபவித்தவர்கள் அவர்கள். அப்பஞ்சத்தைத் தேவகோபம் என்று மட்டும் பிரசங்கிப்பதா, பசிபிக் கடலின் வெப்பநிலைக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பிருப்பதைச் சேர்த்துச் சொல்வதா என்ற தேர்வு அன்று அவர்களுக்கு இல்லை. அத்தொடர்பு பிற்காலத்தில்தான் அறியப்பட்டது. இன்றைய போதகருக்கு அத்தேர்வு உண்டு.

திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமண மகரிஷி மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் என்பது, இம்மரபின் கல்வி சபையின் வேலியைத் தாண்டியும் சென்றது என்பதற்காக இங்கே குறிக்கத்தக்கது. அதற்குமேல் அதில் உரிமை கொண்டாடுவது முறையன்று.

பசுமலையில் 1881இல் தொடங்கிய கல்லூரி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு இடம்பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாகப் புகழ்பெற்றது. மதுரைக்கு அது நன்மை. பசுமலை இறையியல் பள்ளிக்கோ ஈடுசெய்ய இயலாத இழப்பு. ஆய்வுக்கூடம் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போக, எபிரெயமும் கிரேக்கமும் பிரசங்கக்கலையும் குன்றடியில் தங்கின. பானிங்கா ஐயர் தலைமையில் பசுமலை திருச்சபை ஐக்கியப் பேச்சுகளின் பாசறையாக விளங்கி 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதில் அதன் பலனையும் கண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐக்கியத்துக்காகச் செலவிட்ட ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை மாணவனுக்கு ஒரு நுண்ணோக்கியைக் காட்டுவதில் செலவிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்பவர்களை இம்மரபின் பக்தர்களும் மறுக்க முடியாது.

மதுரை மிஷனின் ரால்ஃப் கெய்தான் போன்றோர் காந்தியத் தொடர்பாலும் கிராமப் பணியாலும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தனர். 1969இல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் கூடி மதுரை அரசரடியில் நிறுவிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, அவ்வுணர்வை வேறு திசையில் வளர்த்தது. சாமுவேல் அமிர்தம் ஐயர் முதல்வராயிருந்த காலந்தொட்டு உருவான கல்விமுறையில், மாணவர் வளாகத்தை விட்டு வெளியேறி ஏழைகள் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் ஏற்பாடு இடம்பெற்றது. தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். சமூகத்தைக் கூர்ந்து பார்க்க அரசரடி கற்றுக்கொடுத்தது. சாதியையும் கூலியையும் ஆராய்வதற்குச் சமூகவியலைத் துணைக்கொண்டது. மண்ணையும் நீரையும் நோயையும் அதே கூர்மையோடு பார்க்கக் கற்றுக்கொடுத்ததா என்ற கேள்விக்கு, அரசரடியின் பிள்ளைகளே தயங்கித்தான் விடை சொல்வர். சூழலியல் இறையியல் என்ற பெயரில் படைப்பைப் பேணுதல் பற்றிக் கருத்தரங்குகள் பல நடந்துள்ளன. கரிசல் மண்ணுக்குக் கீழே சுக்கான் படிவும் அதற்குக் கீழே கடினப்பாறையும் இருப்பதையும், தண்ணீர் அப்பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலுமே தங்குகிறது என்பதையும் சொல்லித்தரும் ஒரு வகுப்பு அவற்றுக்கெல்லாம் முன்னே நடந்திருக்க வேண்டும்.

அத்தகைய வகுப்பைத் தம் வாழ்நாள் முழுதும் நடத்திய ஒரு மூத்த ஐயர் இவ்வட்டாரத்தில் ஊழியம் செய்தார். மலர்களில் தம் பெயரைப் போடலாகாது என்று அவர் கண்டிப்பாய்ச் சொல்லிச் சென்றிருப்பதால் பெயர் இங்கே எழுதப்படவில்லை; மூத்த உறுப்பினர் புரிந்துகொள்வர். மிஷன் காம்பவுண்டில் அவர் வைத்திருந்த மழைமானி, அதாவது விழும் மழையைப் புனல்வழியே ஏற்று அளவுக்குழாயில் காட்டும் கருவி, செம்பாலானது; காலை எட்டரை மணிக்கு அளவு பார்த்து ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்திலேயே வைத்திருந்த நோட்டில் மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார். மழை பெய்யாத நாளிலும் பூச்சியம் என்று எழுதுவார். இவ்வட்டாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையையே பெறுகிறது, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது என்பதால் அந்நோட்டின் பெரும்பாலான வரிகள் பூச்சியங்களே. தம்மிடம் பயிற்சிக்கு வரும் இளம் ஊழியர் அந்தப் பூச்சியங்களை ஒரு மாதம் தவறாமல் எழுதிய பின்புதான் அவருக்குப் பிரசங்கபீடத்தில் இடம் கொடுப்பார்.

அவருடைய முறையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். சபையார் ஒருவரின் புஞ்சையில் போர் போட இடம் பார்க்க நீரோட்டம் பார்ப்பவர் வந்திருந்தார். உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் நிமிர்ந்து நிற்கும் இடத்தில் ஊற்று உண்டென்பது இப்பக்கத்து நம்பிக்கை. தேங்காய் நிமிர்ந்த இடத்தில் வேப்பங்குச்சி நட்டபின், ஜெபம் பண்ணித் தர ஐயரை அழைத்தனர். அவர் ஜெபிக்க மறுக்கவுமில்லை, தேங்காயைப் பழிக்கவுமில்லை. பார்ப்பவரிடம் மரியாதையாக, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு அதே புஞ்சையில் மறுபடி ஒருமுறை நடந்து காட்டச் சொன்னார். தேங்காய் இம்முறை குச்சியிலிருந்து வெகுதூரம் தள்ளி, வரப்போரத்தில் நிமிர்ந்தது. எல்லோர் முன்னும் அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஜெபத்தை முடித்துவிட்டு, அன்று மாலை புஞ்சைக்காரரைத் தனியே அழைத்து, சுற்றியுள்ள கிணறுகள் எந்த ஆழத்தில் பாறையைத் தொட்டன, எவற்றில் கோடையிலும் ஊற்று நின்றது, எவை உப்பு என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். நிலத்தடி நீர்த் துறையினரைப் பார்க்கும்படியும் சொன்னார்.

இம்மரபில் அறிவியல் கல்வியின் தரம் எதனால் அளக்கப்பட்டது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. எத்தனை விஞ்ஞானச் செய்தி தெரியும் என்பதன்று அளவுகோல். சோதிக்கக்கூடியதைச் சோதித்துப் பார்ப்பது, சோதனை சொன்னதற்கு மேல் சொல்லாதிருப்பது, தெரியாததைத் தெரியாது என்று சபை முன் சொல்லும் துணிவு, எளியவரை அவமானப்படுத்தாமல் உண்மையைச் சேர்க்கும் பக்குவம் ஆகிய இவைதாம் தரங்கம்பாடி தொடங்கிப் பசுமலை வரை நிலவிய அளவுகோல்கள். விசுவாசமும் அறிவியலும் மோதுகின்றனவா என்ற பெரிய கேள்வி இம்மரபினருக்கு இரண்டாம் பட்சம்.

இன்றைய நிலையைப் பற்றி எழுதும்போது எவரையும் குறிப்பிட்டுச் சுட்டும் நோக்கம் அறவே இல்லை. உழைக்கும் ஊழியர் பலர் உளர், இம்மலரை வாசிக்கும் எவரையும் இது குறிக்காது. ஆயினும் பொதுவாகக் காணப்படும் ஒரு போக்கைச் சொல்லாமல் விடுவது மூப்பர்களுக்குச் செய்யும் துரோகமாகும். பிரசங்கத்தில் அறிவியலே வராத காலம் போய், வாரந்தோறும் அறிவியல் வருகிற காலம் வந்துவிட்டது; ஆனால் வருவது அறிவியலன்று. யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசாவின் கணினி கண்டுபிடித்துவிட்டது என்ற கதை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகைச் சுற்றி, நாசாவே மறுத்த பின்னும், நம் கன்வென்ஷன் பந்தல்களில் புதுச்செய்தியாக முழங்கப்படுகிறது. சைபீரியாவில் ஆழ்துளை போட்டபோது நரகத்தின் ஓலம் கேட்டது என்ற கட்டுக்கதையும் அப்படியே. விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள் என்று தொடங்கும் வாக்கியம் எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எந்த ஆய்வு என்று சொல்லாமலேயே முடிகிறது. சபையும் அல்லேலூயா சொல்கிறது. வேதத்தை நிலைநாட்டப் பொய்ச்சான்று தேடுவது பத்துக் கட்டளைகளுள் ஒன்றை மீறுவதாகும் என்பதைக்கூட நினைப்பாரில்லை.

இதன் வேர் பயிற்சியில் உள்ளது. சில மாதக் குறுகிய வகுப்பு, கட்டணம் செலுத்தினால் கிடைக்கும் சான்றிதழ், எந்தப் பல்கலைக்கழகமென்று எவருக்கும் தெரியாத டாக்டர் பட்டம், பட்டத்தை விடப் பெரிய எழுத்தில் பெயர் போட்ட பிளெக்ஸ் பலகை, ஐம்பது பேர் கூடும் ஓட்டுக்கூரைக்குள் ஊரே அதிரும் ஸ்பீக்கர் பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை ஊழியத்தின் அடையாளங்களாகிவிட்டன. ரோட்லர் ஐயர் அறுபது ஆண்டு இந்நாட்டில் இருந்தும் செடிகளைப் பார்த்து முடியவில்லை என்ற நிலை எங்கே, அறுபது நாளில் வேதாகமத்தையும் விஞ்ஞானத்தையும் சேர்த்து முடித்துவிட்டதாகச் சான்றிதழ் தரும் நிலை எங்கே! முன்பு ஐயர் வீட்டு அலமாரியில் அகராதியும் அங்காதிபாதமும் இருந்தன; இப்போது அலமாரியே இல்லை. முன்பு உபதேசியார் ஒரு வசனத்துக்கு மூன்று நாள் ஆயத்தம் செய்தார். இப்போது கைபேசியில் வந்ததை மேடையேறும் வழியில் வாசித்துக்கொள்கிறார்கள். முன்பு சபையில் கேள்வி கேட்கப் பிள்ளைகள் பயப்படவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் படித்த பிள்ளை போதகர் சொல்வது தவறென்று அறிந்தும் வாயைத் திறப்பதில்லை, பத்தொன்பது வயதில் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. பழைய தரம் அடியோடு அழிந்தது என்று சொல்வதில் மிகையிருக்கலாம். ஆனால் மிகை எவ்வளவு என்று சொல்லக்கூடியவரும் அருகிவிட்டனர்.

இத்தகைய அறியாமையால் உயிர்போகும் இடங்களும் உண்டு. கரிசல் காட்டில் மழைக்காலத்தில் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடிப்பது வழக்கமான செய்தி. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாய்த் தெரியாமல் இருக்கலாம். விஷம் நரம்பைத் தாக்கிச் சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்தும். ஒன்றும் ஆகவில்லை, ஜெபத்திலே சுகமாயிற்று என்று சாட்சி சொல்லிப் படுக்கவைப்பதற்கும், ஜெபித்துக்கொண்டே மாற்றுமருந்து இருக்கும் மருத்துவமனைக்கு வண்டி பிடிப்பதற்கும் இடையே நிற்கிறது ஓர் உயிர். 2021இல் கொரோனா தடுப்பூசியைப் பற்றிச் சில மேடைகளில் பேசப்பட்டவற்றை இம்மலரில் எழுதாமலிருப்பதே நல்லது.

மற்றொரு தீங்கு இறக்குமதியானது. அமெரிக்காவில் 1925இல் டேட்டன் நகரில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மேல் நடந்த வழக்கும், நீரியல் பொறியாளர் ஹென்றி மோரிஸ் 1961இல் இன்னொருவரோடு எழுதிய பிரளய நூலும் கிளப்பிய சண்டை அந்நாட்டுப் பாப்டிஸ்டுகளை இரு முகாமாக்கியது. அச்சண்டையின் துண்டுப்பிரசுரங்கள் தமிழாக்கப்பட்டு இங்கே வந்தன. அதே பாப்டிஸ்ட் மரபில் வளர்ந்து லேசருக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 1964இல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் டவுன்ஸைப் பற்றிய துண்டுப்பிரசுரம் எதுவும் கண்ணில் படவில்லை. பூமியின் வயதைப் பற்றி விவாதிக்கக் கூடாதென்பதன்று. அதை மட்டுமே அறிவியல் என்று எண்ணிக்கொண்டு, காலடியிலுள்ள தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் பிள்ளைகளின் பற்களில் மஞ்சள் கறை படிவதைக் காணாதிருப்பதுதான் வருந்தத்தக்கது. சீமைக்கருவேலைப் பற்றியும் இப்படியே: அது காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது என்று கைபேசிச் செய்தியை அப்படியே பிரசங்கிக்கும் போதகர், அதன் கரிமூட்டத்தை நம்பி உலைவைக்கும் குடும்பங்கள் தம் சபையிலேயே எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கொடைக்கானலுக்குக் கூடுகைக்குப் போகிறவர்களுள், அமெரிக்க மிஷனெரிகள் 1845இல் வீடு கட்டிய அந்த மலையிலேயே 1901 முதல் சூரியனை ஆராயும் நிலையம் இருப்பதையும், சூரியப்புள்ளிகளில் வாயு ஓடும் முறையை எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டார் என்பதையும் அறிந்தவர் எத்தனை பேரோ!

பாப்டிஸ்ட் சபைகளுக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும். பங்குனி சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்க, பம்புசெட் தொட்டியைத் தேடிப் போகிற சபை, நிலத்தடி நீர் ஏன் ஆண்டுக்காண்டு கீழே போகிறது என்பதைத் தன் போதகரிடமிருந்து கேட்டறிய உரிமையுள்ளது. செராம்பூரில் தோட்டம் வைத்த கேரியின் பிள்ளைகளுக்கு இது புதிய சுமையன்று.

ஆகையால் ஐக்கியத்தின் மூப்பர்கள் முன் பணிவோடு வைக்கப்படும் யோசனை சிறியது. பெரிய பள்ளிகளின் பாடத்திட்டத்தை மாற்றுவது செனட்டின் வேலை; அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஊழியப் பிரதிஷ்டைக்கு முந்தைய தேர்வில், சபை அங்கத்தினராயுள்ள அறிவியல் ஆசிரியர் ஒருவரைத் தேர்வுக்குழுவில் அமர்த்தலாம். அருப்புக்கோட்டைப் பள்ளிகளில் அத்தகையோர் உண்டு. பயிற்சியிலுள்ள ஒவ்வோர் இளம் ஊழியரும் ஓராண்டு மழையளவு எழுதிய நோட்டைத் தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதிக்கலாம். பிரசங்கத்தில் விஞ்ஞானி என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் பெயரும் ஆண்டும் சொல்ல வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால் பிரசங்கங்கள் சற்றுச் சுருங்கும், அதனால் எவருக்கும் நட்டமில்லை. முதல் வகுப்பைப் புரட்டாசியிலேயே, மழை தொடங்குமுன், பாம்புக்கடி முதலுதவியைப் பற்றி வைத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரை அழைக்க ஐக்கியச் செயலாளரின் ஒரு கடிதம் போதும்.